முதலில் யாரைப் பார்ப்பது? – ஒரு கேள்வியின் வரலாறு



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்ட நண்பர்கள், மோட்டார், பாலம், கம்ப்யூட்டர் என்று ஏதாவது எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது நர்சிங் பரீட்சையின் கதையை. இன்ஜினியருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் ஒரு பிள்ளை இன்ஜினியரிங், இன்னொரு பிள்ளை நர்சிங் என்று படிக்கிற குடும்பங்கள் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். தங்கை பரீட்சைக்குத் தயாரான மாதங்களில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் வேலை எனக்கு வாய்த்தது. அந்தக் கேள்விகள் நாம் எழுதிய டூ மார்க், பதினாறு மார்க் கேள்விகளைப் போல இல்லை. 'வரையறு', 'விளக்குக' என்றெல்லாம் கேட்பதில்லை. 'நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள், முதலில் யாரைப் பார்ப்பாய்?' என்று கேட்கின்றன. இப்படி ஒரு கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

நான்காவது ஆள்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், அதாவது 950-வது குறள், மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் என்ற நால்வகை அது. நான்காவது ஆளுக்கும் வள்ளுவர் சமமான இடம் கொடுத்துவிட்டார். உலகம் அந்த இடத்தைக் கொடுப்பதற்கு வெகு காலம் ஆயிற்று. நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்பவர், அவ்வளவுதான் என்ற எண்ணம் 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. சொன்னதைச் செய்பவருக்கு 'நீ என்ன முடிவெடுப்பாய்' என்ற கேள்வி எதற்கு? ஆகவே இந்தக் கேள்வியின் வரலாறு, நர்ஸ் முடிவெடுக்கலாமா என்ற சண்டையின் வரலாறும் ஆகும்.

நைட்டிங்கேல் அம்மையாரின் மறுப்பு

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை அறியாதவர் இல்லை. 1854-ல் கிரிமியப் போருக்குச் சென்றார். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். புள்ளிவிவரத்தை வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தையே அசைத்தவர். அந்த வகையில் அவர் நம்ம ஆள் என்றும் சொல்லலாம்.

ஆனால் பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. நர்ஸுகளுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 1887-ல் பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கத்தைத் தொடங்கிய எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற அம்மையார் போராடினார். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முதல்வர் நைட்டிங்கேல்! நல்ல நர்ஸின் குணமும் கவனிப்பும் காகிதப் பரீட்சையில் பிடிபடாது என்பது அவர் கட்சி. பரீட்சை இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொள்வார்கள், நோயாளிக்குப் பாதுகாப்பு எங்கே என்பது ஃபென்விக்கின் கட்சி.

சட்டம் முதலில் வந்தது நியூசிலாந்தில், 1901-ல். பிரிட்டனில் 1919-ல் வந்தது. நைட்டிங்கேல் 1910-லேயே மறைந்துவிட்டார். 1921-ல் திறந்த பிரிட்டிஷ் பதிவேட்டில் முதல் எண்ணாகப் பதிவானவர் ஃபென்விக். சண்டையில் ஜெயித்தது ஃபென்விக்தான். ஆனாலும் நைட்டிங்கேல் எழுப்பிய ஆட்சேபம் செத்துப்போகவில்லை. மனப்பாடம் பண்ணி நூற்றுக்கு நூறு வாங்கியவர், வார்டில் நோயாளியின் முகம் மாறுவதைக் கவனிக்காமல் போனால் அந்தப் பரீட்சைக்கு என்ன அர்த்தம்? பின்னால் வந்த ஒவ்வொரு பரீட்சைச் சீர்திருத்தமும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சியே என்றால் மிகையாகாது.

நம் பக்கத்துக் கதை

தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1871-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனை 1909-ல் நர்சிங் பள்ளியைக் கண்டது. 1926-ல் சென்னை மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு செய்துகொள்ளும் முறை அதன் வழியாக நமக்கு வந்தது. 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற 1947-லேயே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டமும் நிறைவேறியது.

பள்ளி, சட்டம், பட்டம் எல்லாம் வந்தாலும் பரீட்சைத்தாள் பழைய தாள்தான். காய்ச்சலின் வகைகளை எழுதுக, டைபாய்டு நோயாளிக்குச் செய்யும் பணிவிடைகளை விவரி என்ற பாணி. எழுதத் தெரிந்தவர் தேறினார். படுக்கைக்குப் பக்கத்தில் என்ன செய்வார் என்பது அவரை வேலைக்கு எடுத்த பிறகுதான் தெரிந்தது.

கேள்வி மாறிய கதை

மாற்றம் அமெரிக்காவில் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நர்ஸுகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தாள் தயாரித்துத் திருத்திக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது என்று 1944-ல் பொதுவான வினாக் குவியலை ஏற்படுத்தினார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை ஊன்றியது. ஆனால் அதுவும் மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தை, மனநலம் என்று டாக்டர் படிப்பின் பிரிவுகளையே பின்பற்றியது.

1950-களிலும் 60-களிலும் நர்சிங் ஆசிரியைகள் வேறு வழியில் யோசித்தார்கள். நர்ஸ் செய்யும் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது: விவரம் சேகரிப்பது, பிரச்சினையைக் கண்டுபிடிப்பது, திட்டமிடுவது, செய்வது, பலன் கிடைத்ததா என்று திரும்பிப் பார்ப்பது. இதற்கு 'நர்சிங் பிராசஸ்' என்று பெயர் வைத்தார்கள். கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்களுக்கு ஃபீட்பேக் லூப் நினைவுக்கு வரும். இந்த முறையை அடிப்படையாக வைத்து 1982-ல் 'என்கிளெக்ஸ்' என்ற பரீட்சை பிறந்தது. பிரிவுகள் போயின. ஒரு நோயாளியின் நிலைமையைச் சொல்லி, 'இப்போது நீ என்ன செய்வாய்' என்று கேட்பது வழக்கமாயிற்று.

1994-ல் இன்னொரு பாய்ச்சல். பரீட்சை முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாறியது, அதுவும் சாதாரணமாக அல்ல. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-ல் வெளியிட்ட கணக்கு முறை இதன் அடியில் இருக்கிறது. இந்த ஆள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். அதனால் அந்நாளில் ஒருவருக்கு 75 கேள்வியோடு முடிந்தது, இன்னொருவருக்கு 265 வரை போனது. 'மிஷின் சட்டென்று நின்னுருச்சே, பாஸா ஃபெயிலா' என்று தவித்தவர்கள் எத்தனையோ பேர்! 2006 முதல் இந்தப் பரீட்சையை இந்தியாவிலேயே எழுத முடிகிறது.

ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

விஷயம் புரிய, அந்தப் பாணியில் நானே ஒரு கேள்வி தருகிறேன்.

மாலை டூட்டி ஏறுகிறீர்கள். நான்கு பேர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். (அ) இரண்டு நாள் முன்பு ஆபரேஷன் ஆனவர், வலிக்கிறது என்கிறார். (ஆ) சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டாயிற்று, இன்னும் சாப்பிடவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. (இ) நிமோனியாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருப்பவர், காய்ச்சல் 101. (ஈ) டிஸ்சார்ஜ் ஆகிறவர், வெளியே கார் வந்து நிற்கிறது என்று அவசரப்படுத்துகிறார். முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?

விடை (ஆ) என்று பலரும் சொல்லிவிடலாம். என் தங்கை அதோடு விடமாட்டாள். "விடை சொன்னா போதாதுண்ணே. மத்த மூணும் ஏன் இல்லைன்னு சொல்லணும். அப்பத்தான் அது படிப்பு" என்பாள். வலி நிஜம், ஆனால் ஆபரேஷன் ஆனவருக்கு எதிர்பார்த்த வலி. நிமோனியாக்காரருக்குக் காய்ச்சல் எதிர்பார்த்ததே, மருந்தும் போய்க்கொண்டிருக்கிறது. டிஸ்சார்ஜ்காரர் சத்தம் போடுகிறார், ஆபத்தில் இல்லை. (ஆ)வில் இருப்பவர் சத்தமே போடவில்லை, ஆனால் மூளைக்குச் சர்க்கரை போகவில்லை. சில நிமிடங்களில் மயங்கி வலிப்பு வரலாம்.

"அப்புறம்?" என்று அடுத்த படிக்குப் போவாள். விரலில் குத்தி சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். விழுங்க முடிகிறது என்றால் உடனே வாய் வழியாக குளுக்கோஸ். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ரத்தக் குழாய் வழியாகத்தான் குளுக்கோஸ். அதே நோயாளி, அதே நோய். ஒரு விவரம் மாறினால் விடை தலைகீழாக மாறுகிறது!

இன்னொரு கேள்வி. பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம் ஆன தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை கல் போல இறுகாமல் தொளதொளவென்று இருக்கிறது. முதலில் என்ன செய்வது? 'டாக்டருக்குப் போன் செய்வது' என்ற விடை பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டு இறுக வைப்பது நர்ஸின் கையிலேயே இருக்கிறது. கையால் அதைச் செய்துகொண்டே குரல் கொடுத்து ஆளை அழைக்க வேண்டும். வேறு சில கேள்விகளில் டாக்டரை அழைப்பதே சரியான முதல் விடை. எது எப்போது என்று பிரித்தறிவதைத்தான் பரீட்சை சோதிக்கிறது.

1984

நம் கல்லூரி அருள்மிகு கலசலிங்கம் பொறியியல் கல்லூரியாகக் கிருஷ்ணன்கோவில் மண்ணில் தொடங்கிய ஆண்டு 1984. அதே ஆண்டில் அமெரிக்காவில் பட்ரீஷியா பென்னர் என்ற நர்சிங் பேராசிரியை, புதிய நர்ஸ் எப்படிப் படிப்படியாகத் தேர்ந்த நர்ஸ் ஆகிறார் என்பதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஐந்து படிகள் சொன்னார். முதல் படியில் இருப்பவர் விதியைப் பார்த்து நடப்பார். கடைசிப் படியில் இருப்பவர் நோயாளியைப் பார்த்ததுமே 'என்னமோ சரியில்லை' என்று உணர்ந்துவிடுவார்.

இந்த ஐந்து படிகளை பென்னர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? பெர்க்லியில் இருந்த டிரைஃபஸ் சகோதரர்களிடமிருந்து. ஒருவர் தத்துவப் பேராசிரியர். மற்றவரான ஸ்டூவர்ட் டிரைஃபஸ் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேராசிரியர்! விமானிகளும் சதுரங்க ஆட்டக்காரர்களும் எப்படித் திறமை பெறுகிறார்கள் என்று அவர்கள் ஆராய்ந்ததை பென்னர் வார்டுக்குக் கொண்டுபோனார். இன்ஜினியருக்கும் நர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதுவே என் பதில்.

கோடு போட்டுக் காப்பாற்றிய கதை

முடிவெடுப்பதை நர்ஸின் கையில் முழுதாகக் கொடுத்த கருவி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அதன் பெயர் பார்டோகிராஃப். 1954-ல் நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற டாக்டர், பிரசவ வலியில் இருக்கும் தாயின் கருப்பை வாய் மணிக்கு மணி எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினார். 1972-ல் இன்றைய ஜிம்பாப்வேயில் ஃபில்பாட், காஸில் என்ற இரு டாக்டர்கள் அந்த வரைபடத்தின் மேல் இரண்டு கோடுகள் போட்டார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் ஓர் எச்சரிக்கைக் கோடு, அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி ஒரு நடவடிக்கைக் கோடு.

டாக்டர் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ், அந்த வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். புள்ளி எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். தொழிற்சாலையில் குவாலிட்டி கண்ட்ரோல் சார்ட் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 தாய்மாரிடம் சோதித்து, நீடித்த பிரசவங்கள் குறைந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1994-ல் அறிவித்தது.

இதை வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு பரவியது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மலையடிவாரக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையத்தை இரவு இரண்டு மணிக்கு நினைத்துப் பாருங்கள். டூட்டியில் ஒரே நர்ஸ், வலியில் ஒரு தாய், வெளியே கவலையோடு குடும்பம். '108-ஐ இப்போது கூப்பிடவா, இன்னும் அரை மணி பார்க்கவா?' பரீட்சைத்தாளில் ஒரு மார்க்குக்கு வந்த கேள்வி அங்கே இரண்டு உயிருக்கு வருகிறது.

விடைகள் மாறும்

சரி, கேள்விகளையும் விடைகளையும் மொத்தமாக மனப்பாடம் பண்ணிவிட்டால் என்ன? இங்கேதான் வரலாறு நமக்குப் பாடம் நடத்துகிறது. மூன்று உதாரணம் போதும்.

மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். 2010-ல் அமெரிக்க இதய சங்கம், இதயம் நின்றவருக்கு முதலில் நெஞ்சை அழுத்து, பிறகு மற்றதைப் பார் என்று வரிசையை மாற்றியது. மற்ற நோயாளிகளுக்குப் பழைய வரிசையே நிற்கிறது. வரிசையை மட்டும் தெரிந்தவர் குழம்புவார், காரணம் தெரிந்தவர் குழம்பமாட்டார்.

நாம் மேலே பார்த்த எச்சரிக்கைக் கோடும் நிலைக்கவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பொருந்தாது என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 2020-ல் புதிய பிரசவப் பராமரிப்புப் படிவத்தை வெளியிட்டது.

பிரசவ ரத்தப்போக்குக்கு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் காத்திருப்பது பழைய வழக்கம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கண்ணால் மதிப்பிடாமல், அளவுக் குறி போட்ட விரிப்பில் ரத்தத்தை அளந்து, தேய்ப்பது, கர்ப்பப்பை இறுக மருந்து, ரத்தம் உறைய மருந்து, நரம்பு வழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. 'முதலில் எது' என்ற கேள்விக்கு 'சேர்த்தே செய்' என்று ஒரு விடை!

பத்து வருஷத்துக்கு முந்தைய கொஸ்டின் பேங்க்கை உருப்போட்டவர், பத்து வருஷத்துக்கு முந்தைய வைத்தியத்தையே செய்வார்.

இன்றைய நிலை

2023 ஏப்ரலில் என்கிளெக்ஸ் மறுபடியும் உருமாறியது. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்து ஆறு கேள்வி கேட்கிறார்கள். எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எது முதன்மை, என்னென்ன செய்யலாம், இப்போது எதைச் செய்வாய், செய்தது பலித்ததா என்று படிப்படியாகப் போகிறது. ஓரளவு சரியாக இருந்தால் ஓரளவு மார்க்கும் உண்டு. நைட்டிங்கேல் இருந்தால் இதையும் ஒப்புக்கொள்வாரோ என்னவோ, அவர் வற்புறுத்திய 'கவனிப்பு' முதல் கேள்வியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. தமிழக மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் அமைந்து, 2015-ல் செவிலியர் வேலைக்கு எழுத்துத் தேர்வு நடத்தியது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான பொதுத் தேர்வு 2020-ல் தொடங்கியது. 2021-ல் பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தைச் செமஸ்டர் முறைக்கு மாற்றி, செயல்திறனுக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள்.

நம் பங்கு

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பரீட்சைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மென்பொருளும் செல்போன் ஆப்பும் செய்வது நம்மைப் போன்றவர்கள். 'பத்தாயிரம் கேள்வி, விடையுடன்' என்று விளம்பரம் போட்டால் விற்கும். ஆனால் விடையை மட்டும் பச்சை நிறத்தில் காட்டும் ஆப், தெரிந்தோ தெரியாமலோ மனப்பாடத்தையே வளர்க்கிறது.

தம்பி தங்கைகளே, கடைசி வருட புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? இதை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான விடை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று தமிழில் சொல்லுங்கள். எந்த வருடத்து வழிகாட்டுதலின்படி இந்த விடை என்று கேள்விக்குக் கீழே போடுங்கள், வழிகாட்டுதல் மாறினால் கேள்வியைத் திரும்ப எடுங்கள். ஒரு விவரத்தை மாற்றி அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். ஆய்வுக்கூடம் இல்லாத, ஆம்புலன்ஸ் வர நேரமாகும் நம் பக்கத்துச் சுகாதார நிலையத்தையும் கேள்வியில் வையுங்கள். பக்கத்து மருத்துவமனையில் அனுபவம் வாய்ந்த சிஸ்டர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்லச் சொல்லக் கேள்வி எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் முழுதாக ஏறவில்லை.

படிக்கும் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் நர்சிங் படிக்கிற தங்கையோ மகளோ மருமகளோ இருந்தால், சாயங்காலம் அரை மணி நேரம் புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேளுங்கள். விடை சரியா தப்பா என்று பார்ப்பதோடு விடாமல் 'ஏம்மா?' என்று கேளுங்கள். செலவில்லாத உதவி அது.

சந்திப்புக்கு வரும் அனைவரையும் கிருஷ்ணன்கோவிலில் நேரில் காண ஆவலாய் இருக்கிறேன். இந்தத் தலைப்பில் வேலை செய்ய முன்வரும் மாணவர்கள் அன்றைக்கு என்னைத் தேடி வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.